அப்பா காட்டிய வருமானம்

கண்ணாடியக்காவுக்கு நிஜமான கோபம் வந்தால் குரல் உயராது, தாழ்ந்து போகும். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவளோடு வேலை பார்க்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். லென்ஸ் தேய்க்கும் மெஷினின் இரைச்சலையும் மீறி அவள் கத்திக்கொண்டிருந்தால் எல்லாம் நலம் என்று அர்த்தம். "இங்க பாருங்க" என்று மெதுவாக ஆரம்பித்தாள் என்றால், கடைக்காரரே ஏதோ ஞாபகம் வந்தவர் போல எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்.

வட்டமாக வருகிற லென்ஸை ஃபிரேமின் வடிவத்துக்குத் தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. தண்ணீர் சொட்டச் சொட்டக் கல் சுற்றும். நாள் முழுக்க அதன் முன்னால் நின்றால் முழங்கை வரை வெள்ளைச் சேறு படியும், காது அடைத்துப் போகும். அந்தச் சம்பளத்தில்தான் இரும்புக் கடைக்கு மேல் மாடியில் ஒரு அறையும் ஒரு சமையலறையும் பிடித்து, அவளும் மகளும் இருந்தார்கள். குளியலறை பக்கத்து வீட்டுக்காரர்களோடு பொது. காலையில் கீழே இரும்பை இறக்கிப் போடுகிற சத்தத்தில் மேலே தட்டு கிடுகிடுக்கும். அந்தச் சத்தத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பழகியவள் மகள். அதனால் எந்தச் சத்தத்திலும் அவளுக்குப் படிப்பு ஓடும்.

கணவர் இருக்கிறார். இருக்கிறார் என்றால் உயிரோடு இருக்கிறார், அவ்வளவுதான். மகளுக்கு நான்கு வயதாக இருக்கும்போது வேறு குடித்தனம் போனவர். வெகுதூரம் போயிருந்தாலாவது மறந்து தொலைத்திருக்கலாம். இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளித்தான் போனார். அவர் என்றே சொல்வோம்; மரியாதை குறைந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அவர் பழைய கார்களை விற்றுத் தரும் புரோக்கர். கார் அவருடையது இல்லை, விற்க வந்தவருடையது. ஆனால் விலை படியும் வரை ஓட்டுகிறவர் அவர்தான். இந்த வாரம் வெள்ளைக் கார், அடுத்த வாரம் சிவப்புக் கார் என்று வந்து இறங்குகிறவரைத் தெரு முழுக்க 'முதலாளி' என்று கூப்பிட்டது. அவரும் வேண்டாமென்று சொல்லவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை, மகளின் பிறந்தநாளுக்கு, ஏதாவது ஒரு காரில் வருவார். அவளை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வருவார். "ஸ்கூலுக்கு ஏதாவது கட்டணுமா கண்ணு?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்பார். பதில் வருவதற்குள் அவருக்குப் போன் வந்துவிடும். பத்து வருடத்தில் அந்த மனுஷன் வாங்கிக் கொடுத்த ஒரு பென்சிலைக் காட்டச் சொல்லுங்கள், பார்ப்போம்.

ஆனாலும் மகளுக்கு அப்பாவைப் பிடிக்கும். கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டால் இரண்டு படி தாண்டிக் குதித்து ஓடுவாள். கண்ணாடியக்காவுக்கு அடிவயிறு எரியும். மாதம் முழுக்க நின்று சம்பாதித்துப் போடுகிறவள் வீட்டில் இருக்க, சும்மா சுற்றிக் காட்டுகிறவருக்கு இந்த ஓட்டமா? என்றாலும் மகளிடம் அவரைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்று வைத்திருந்தாள். அதை நினைத்தால் அவளுக்கே தன்மேல் ஆச்சரியம்தான்.

மகளுக்குப் பதின்மூன்று வயதானபோது பள்ளியின் கணக்கு டீச்சர் ஒரு செய்தியோடு வந்தார். அமெரிக்காவில் தங்கிப் படிக்கிற பள்ளிகள் இருக்கின்றன, பெரிய பணக்காரப் பிள்ளைகள் படிக்கிற இடம்தான், ஆனால் அவற்றில் சில வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் முழுச் செலவையும் ஏற்றுக்கொள்கின்றன, இவளுடைய கணக்குக்கு ஒரு முயற்சி பண்ணிப் பார்க்கலாம் என்றார். கண்ணாடியக்கா முதலில் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டாள். மகள் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வருடம் முழுக்கப் பரீட்சை எழுதினாள், கட்டுரை எழுதிக் கிழித்து மறுபடி எழுதினாள், டீச்சர் வீட்டு லேப்டாப்பின் முன் உட்கார்ந்து யார் யாரோ வெள்ளைக்காரர்களோடு பேசினாள். தூக்கத்திலும் ஆங்கிலத்தில் முனகினாள்.

எல்லாம் முடிந்து கடைசியில் உதவித்தொகை விண்ணப்பம் வந்தது. டீச்சர் வீட்டு மேஜையைச் சுற்றி மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். கண்ணாடியக்காவின் சம்பளம், வாடகை, கரண்ட் பில் எல்லாம் ஏறியாயிற்று. டீச்சர் அடுத்த பக்கத்தைத் திறந்து மூக்கைச் சொறிந்தார்.

"அம்மா, அப்பா அம்மா பிரிஞ்சிருந்தா ரெண்டு பேரும் தனித்தனியா வருமானத்தைக் காட்டணுமாம்."

"அவரு எதுக்கு?"

"பெத்தவருக்கும் கடமை இருக்குன்னு அவங்க நினைக்கிறாங்க. அவரால எவ்வளவு முடியும்னு பாத்துட்டு, மீதியைத்தான் ஸ்கூல் குடுக்கும்."

"பத்து வருஷமா அவருக்கே தெரியாத கடமை, கடல் தாண்டி இருக்கிறவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

டீச்சர் என்ன செய்வார், பாவம். "எங்க இருக்காருன்னே தெரியலைன்னா விலக்கு உண்டும்மா. போட்டிருக்கு" என்றார்.

"ரெண்டு பஸ் ஸ்டாப் தள்ளி இருக்காரு. ஓடினதுதான் ஓடினாரு, ஒழுங்கா ஓடித் தொலைச்சிருந்தா பிள்ளைக்குப் பணமாவது வந்திருக்கும்." கொஞ்சம் யோசித்தாள். "செத்துட்டாருன்னு எழுதிடுங்க."

"ஐயோ, சர்டிபிகேட் கேப்பாங்கம்மா!"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு, "நான் கேட்டா அப்பா செஞ்சு குடுப்பாரும்மா. நீ வர வேண்டாம்" என்றாள்.

அவர் செய்துதான் கொடுத்தார். அதுதான் வினை. அவருக்கென்று தனியாக ஒரு பாஸ்வேர்டு. அவர் நிரப்புவதை அம்மாவும் பார்க்க முடியாது, மகளும் பார்க்க முடியாது. யாரோ ஒரு சிநேகிதரைக் கூட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய் அவரே நிரப்பி அனுப்பிவிட்டார். அன்று சாயங்காலமே மகளுக்குப் போன். "அப்பா ஜம்முன்னு போட்டிருக்கேன் கண்ணு. உன் மதிப்புக் குறையற மாதிரி ஒண்ணும் எழுதலை." மகளுக்கு ஒரே சந்தோஷம். கண்ணாடியக்கா, "என்ன எழுதினாராம்?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

சில மாதம் கழித்துப் பதில் வந்தது. இடம் கிடைத்துவிட்டது! மகள் டீச்சரைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். டீச்சர்தான் கீழே இருந்த பத்தியையும் படித்தார். மாணவியின் தந்தையின் பொருளாதார நிலையைப் பார்க்கும்போது, கட்டணத்தில் பெரும்பகுதியை அவரால் ஏற்க முடியும் என்று கருதுகிறோம். எனவே எங்கள் உதவி சிறிய அளவில் இருக்கும். அவர்கள் சிறிய அளவு என்று சொன்னது போக மீதியைக் கட்ட, கண்ணாடியக்கா இந்தப் பிறவியில் தேய்க்கிற லென்ஸ் எல்லாம் போதாது. பணம் கட்டச் சம்மதம் சொல்லாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். ஏதாவது பிழை இருந்தால் தந்தை திருத்தித் தரலாம், அல்லது குடும்பத்தோடு அதிகாரி வீடியோவில் பேசுவார் என்றும் இருந்தது.

கண்ணாடியக்கா மெஷினை நிறுத்தினாள், கையைக் கழுவினாள், பஸ் ஏறினாள். பத்து வருடத்தில் முதல் தடவையாக அவருடைய இடத்துக்குப் போனாள்.

தகரக் கூரை போட்ட ஒரு வளாகம். கார்கள் வரிசையாக நின்றன; முன்கண்ணாடியில் வெள்ளைப் பெயின்ட்டால் விலை எழுதியிருந்தது. மூலையில் ஒரு கன்டெய்னர் பெட்டிக்கு ஜன்னல் வைத்து, ஏசியும் வைத்து ஆபீஸ் என்று பேர் சூட்டியிருந்தார். காரின் பானெட்டைத் திறந்து யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா வா, உள்ள வா" என்றார் முதலாளி, என்னவோ நேற்றுப் பார்த்துவிட்டுப் பிரிந்தவர் மாதிரி. "சீட்டு கிடைச்சிடுச்சாமே! நான் சொல்லலை?"

"அந்த பாரத்துல என்ன எழுதினீங்க?"

அவர் மறைக்கவே இல்லை. மேஜை டிராயரிலிருந்து எடுத்துப் பெருமையாக நீட்டினார். கலர் பிரிண்ட். சொந்த வாகனங்கள் நான்கு. சொந்தத் தொழில், சொந்த வளாகம். மாத வருமானம் என்ற இடத்தில் ஒரு நல்ல மாதத்தில் அவர் கை வழியாகப் போன கார்களின் மொத்த விலையை எழுதியிருந்தார்.

"நாலு காரா?"

"அன்னைக்கு நின்னது நாலு. பொய் எழுதலையே."

"அது உங்க காரா?"

"என் யார்டுலதானே நிக்குது?"

"யார்டே வாடகைதானே?"

"மெதுவாப் பேசு. வெளிய பார்ட்டி நிக்கிறாரு."

"மெதுவாத்தான் பேசறேன்" என்றாள். அவளோடு வேலை பார்க்கிறவர்கள் அங்கே இருந்திருந்தால் அந்தக் குரலைக் கேட்டு ஓடியிருப்பார்கள்.

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பாடம் எடுத்தார். "உனக்கு உலகம் தெரியாது. பேங்க்ல லோன் கேட்டா என்ன கேக்கறான்? என்ன இருக்குன்னு கேக்கறான். வீடு வாடகைக்குக் கேட்டா? விசா கேட்டா? எங்க போனாலும் இருக்கறவனுக்குத்தான் கதவு திறப்பான். இல்லாதவன் பொண்ணுன்னு எழுதினா எவன் சேத்துப்பான்? நான் அப்படி எழுதினதாலதான் சீட்டே கிடைச்சிருக்கு, தெரிஞ்சுக்கோ."

அவர் சொன்னதில் பாதி நிஜம். இப்போதிருக்கும் மாடி அறையைக் கேட்கப் போனபோது அவளே கடையில் கூட வேலை பார்க்கிறவளிடம் நல்ல கைப்பையும் கைக்கடிகாரமும் இரவல் வாங்கிப் போனவள்தான். இல்லை என்று சொன்னால் எந்த வாசலிலும் நிற்க விடமாட்டார்கள். ஆனால் ஆயுளில் ஒரே ஒரு கதவு, இல்லை என்று சொல்கிறவர்களுக்காகவே திறந்திருந்தது. அதையும் பெரிய மனுஷனாக வந்து சாத்தி வைத்துவிட்டு, நான்தான் திறந்தேன் என்று வேறு உட்கார்ந்திருக்கிறாரே!

"திருத்திக் குடுங்க."

"என்னன்னு?"

"உள்ளதை உள்ளபடி."

"என்னால ஒண்ணும் முடியாதுன்னு என் கையாலயே எழுதணும். அதானே உன் ஆசை? அதுவும் அமெரிக்காக்காரனுக்கு?"

"சரி, எழுத வேண்டாம். கட்டுங்க."

அவர் ஏசியின் ரிமோட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சீசன் இப்ப கொஞ்சம் டல்லு" என்றார்.

அந்த ரிமோட்டைப் பிடுங்கி அவர் தலையில் போடாமல் வந்ததற்கு அவளுக்கு யாராவது உதவித்தொகை கொடுத்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து மகளிடம் அத்தனை வருடமும் கட்டிக் காத்ததை உடைத்தாள். "உங்கப்பா ஒரு சல்லிக்காசு தரமாட்டாரு. தர்றேன்னு பேரு மட்டும் வேணும்." மகள் கோபப்படவில்லை, அழவில்லை. "தெரியும்மா" என்றாள். எப்போதிலிருந்து என்று கேட்கக் கண்ணாடியக்காவுக்குத் தைரியம் வரவில்லை.

வீடியோவில் பேசுவது என்று முடிவாயிற்று. அதற்கு முதலாளி உடனே சம்மதித்தார். எழுதத்தான் மாட்டார், பேசச் சொன்னால் விடுவாரா? தன் ஆபீஸிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார். சாயங்காலம், அங்கே அவர்களுக்குக் காலை நேரம். கோட்டு போட்டிருந்தார். பின்னால் ஜன்னல் வழியாகக் கார்கள் தெரிகிற மாதிரி நாற்காலியைப் போட்டிருந்தார். அன்று கார் பார்க்க வந்த ஒருவரை, "உக்காருங்க சார், அமெரிக்கா கால், அஞ்சு நிமிஷம்" என்று பக்கத்திலேயே உட்கார வைத்துவிட்டார். பார்ப்பதற்கு ஆள் இல்லாவிட்டால் அவருக்கு எதுவும் நடந்த மாதிரி இருக்காது. கண்ணாடியக்கா திரையில் விழாத மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

திரையில் நரைத்த தலையோடு ஒரு அம்மா, கையில் காபிக் கோப்பை. அன்பாகத்தான் பேசினார். நடுவே, மகளின் படிப்புக்கு வருடம் எவ்வளவு தர முடியும் என்று உங்கள் அப்பாவிடமே கேட்டுச் சொல்லம்மா என்றார்.

மகள் தமிழில் கேட்டாள். முதலாளி கார் பார்க்க வந்தவரை ஒரு தடவை பார்த்தார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எவ்வளவு ஆனாலும் அப்பா கட்டிடுவேன்னு சொல்லு கண்ணு. பொண்ணுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்? சொல்லு."

கார் பார்க்க வந்தவர் தலையை ஆட்டிப் பாராட்டினார். கண்ணாடியக்கா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். முடிந்தது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள்.

மகள் அப்பாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரையின் பக்கம் திரும்பி, சிரித்த முகம் மாறாமல், நிதானமாக ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தாள். ஒரு வருடமாக மகள் வீட்டில் பேசிப் பழகியதைக் கேட்டுக் கேட்டுக் கண்ணாடியக்காவுக்கும் ஆங்கிலம் புரிய ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது; கார் பார்க்க வந்தவர்தான் ஒன்றும் புரியாமல் சும்மா தலையாட்டிக்கொண்டிருந்தார்.

எல்லாச் செலவையும் ஏற்பதாக அப்பா சொல்கிறார் என்றாள் மகள். அதை மனதாரத்தான் சொல்கிறார். ஆனால் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து என் படிப்புக்கு அவர் எதுவும் கொடுத்ததில்லை. விண்ணப்பத்தில் உள்ள கார்கள் மற்றவர்களுடையவை. இந்த இடமும் வாடகை. என்னை வளர்ப்பது அம்மா மட்டும்தான். அப்பா ஏமாற்றுகிறார் என்று நினைக்காதீர்கள். அப்படி இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. தயவுசெய்து இதை அவரிடம் மறுபடி கேட்காதீர்கள்.

பத்து வருடமாக இந்த வார்த்தைகளை அந்த மனுஷனின் முகத்துக்கு நேராக யாராவது சொல்ல மாட்டார்களா என்று கண்ணாடியக்கா ஏங்கியிருக்கிறாள். சொல்லியாயிற்று. ஆனால் அவளுக்குச் சந்தோஷமே வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, அதுவும் முதல் தடவையாக அந்தக் காபிக் கோப்பை அம்மாவின் மேல். படிக்க வைக்கிறேன் என்கிறீர்களே, அதற்குப் பதினான்கு வயதுப் பிள்ளை பெற்ற அப்பனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அவனைப் பற்றி வாக்குமூலம் கொடுக்க வேண்டுமா? வாடகைக்கு விடுகிறவன்கூட இப்படிக் கேட்டதில்லையே. நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார்கள், ஒழுங்குமுறைப்படிதான் கேட்டார்கள். அதனால்தான் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த அம்மா கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். பிறகு முதலாளியைப் பார்த்து, புரிகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக, உங்கள் மகள் மிகவும் நல்ல பெண், நன்றி என்றார்.

"தேங்க்யூ, தேங்க்யூ மேடம்" என்றார் முதலாளி. திரை அணைந்ததும் மகளின் பக்கம் திரும்பினார். "இவ்வளவு நேரம் என்ன கண்ணு சொன்ன?"

"உங்களைப் பத்தித்தான்பா."

"நல்லாத்தானே?"

"நல்லாத்தான்பா."

"பாத்தீங்களா சார்?" என்றார் அவர், கார் பார்க்க வந்தவரிடம். முதலாளியின் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை. அதையும் கண்ணாடியக்கா பார்த்தாள், பார்த்து இன்னும் எரிச்சல்பட்டாள்.

அந்த வாரமே பதில் வந்தது. முழுச் செலவும் பள்ளியுடையது, விமான டிக்கெட் உட்பட. டீச்சர் படித்து முடித்ததும் கண்ணாடியக்கா மேஜையில் தலையை வைத்து அழுதாள்.

அடுத்த நாளே செய்தி தெருவெல்லாம் பரவியது, முதலாளியின் பதிப்பில். பெண்ணை அமெரிக்காவில் தங்க வைத்துப் படிக்க வைக்கிறாராம். வெள்ளைக்காரம்மாவிடம் அவரே நேரில் பேசினாராம். எவ்வளவு ஆனாலும் கட்டுகிறேன் என்று ஒரே வார்த்தையில் சொன்னாராம், பார்த்த சாட்சி இருக்கிறதாம். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், "பரவாயில்லையே, என்ன இருந்தாலும் அப்பா அப்பாதான்" என்றார். கண்ணாடியக்கா அன்று இரண்டு லென்ஸை அளவு தவறித் தேய்த்து வீணாக்கினாள்.

மகள் கிளம்புவதற்கு முந்தின நாள் இருவரும் பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார்கள். படியேறும்போது இரும்புக் கடைக்காரர் கல்லாவிலிருந்து கூப்பிட்டார். "உங்க வீட்டுக்காரரு பிரிஞ்சு போனாலும் கைவிடலை பாருங்க. குடுத்து வச்சவங்க நீங்க."

கண்ணாடியக்கா பெட்டியைக் கீழே வைத்தாள். "யாரு கைவிடலை?" என்று திரும்பினாள். மகள் அவள் கையைப் பிடித்து, பெட்டியையும் தூக்கிக்கொண்டு, மாடிக்கு இழுத்து வந்து கதவைச் சாத்தினாள்.

"ஏன்டி இழுத்துட்டு வந்த? சொல்லிட்டுத்தான் வருவேன். நீ மட்டும் அந்தம்மாகிட்ட சொன்னல்ல?"

"அங்க சொன்னதுக்கு ஸ்கூல் கிடைச்சுதும்மா. இங்க சொன்னா என்ன கிடைக்கும்?"

"என் மனசு ஆறும்டி! பத்து வருஷம்! எனக்கு ஆறும்."

"எனக்கு ஆறாதும்மா" என்றாள் மகள். "சொன்னதுலேருந்து எனக்கு இன்னும் ஆறலை."

கண்ணாடியக்கா பெட்டியைத் திறந்து துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள். மகள் போன பிறகும் பல பேர் அவளிடம், வீட்டுக்காரர் கைவிடவில்லை என்று அதையே சொன்னார்கள், இன்றைக்கும் சொல்கிறார்கள். அவள் எல்லாரிடமும் "ஆமாங்க" என்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்கிறாள், ஆனால் சொல்கிறாள்.